உண்மையெண்டா விசரன், பொய்யெண்டா கள்ளன்: உயிரோட விளையாடுற மெஜிக்காரரப் பற்றி என்ன நினைக்கிறீங்க?

வாவிக்கரையான் (கல்லடி) | வெள்ளி, இரவு 9.40

நேற்றுப் பின்னேரம் எங்கட குளியலறைக் கதவு கனநேரமாத் திறக்கல்ல. தட்டினன், சத்தமில்ல. மறுகாவும் தட்டினன். தள்ளிக்கொண்டு போனா, மூத்தவன் தண்ணி வாளிக்குள்ள தலையத் தாட்டுக்கொண்டு குந்தியிருக்கான். வயசு 11. இளையவன் பக்கத்தில நிண்டு என்ட போனில நேரம் பிடிக்கான். நான் போட்ட சத்தத்தில மூத்தவன் தலையத் தூக்கி, "ஒண்டரை நிமிசம் வரப்போச்சு அப்பா, கெடுத்திட்டீங்களே" எண்டு அழுறான்.

யாரப் பாத்துப் படிச்சதெண்டு கேட்டா டேவிட் பிளேனாம். அமெரிக்க மெஜிக்காரன். 2008 இல ஒப்ரா வின்ஃப்ரேயின்ட நிகழ்ச்சியில தண்ணிக்குள்ள 17 நிமிசம் 4 செக்கன் மூச்சடக்கினவன். இரவிருந்து அந்த மனிசன்ட வரலாறு முழுக்கப் பாத்தன். 1999 இல நியூயோர்க்கில பெட்டிக்குள்ள 7 நாள் புதைஞ்சு கிடந்தது, மேல 3 தொன் தண்ணித் தொட்டி. 2000 இல ஐஸ் கட்டிக்குள்ள 63 மணித்தியாலத்துக்கு மேல. 2002 இல 30 மீற்றர் உயரத் தூணில 35 மணித்தியாலம் நிண்டது. 2003 இல லண்டனில கண்ணாடிப் பெட்டிக்குள்ள 44 நாள் சாப்பாடில்லாம.

எனக்கு ரெண்டு கேள்வி. ஒண்டு, இதில மெஜிக் எங்க இருக்கு? முயல் வரல்ல, புறா பறக்கல்ல, ஒரு மனிசன் சும்மா கிடந்து கஷ்டப்படுறான். மற்றது, அப்ப நான் ஏன் விடியப்புறம் 2 மணி வரைக்கும் கண்வெட்டாமப் பாத்தன்?

உங்கட அபிப்பிராயத்தச் சொல்லுங்க. மகனுக்கு ரெண்டு அடி போட்டாச்சு. அதப்பற்றி ஒருத்தரும் புத்தி சொல்ல வேணாம், வீட்டுக்காரி சொல்லிட்டா.

தேத்தண்ணி | வெள்ளி, இரவு 9.52

வைஃபை பாஸ்வேட்ட மாத்துங்க அண்ணே. விசயம் முடிஞ்சு.

சுழியோடி (கல்குடா) | வெள்ளி, இரவு 10.15

பாஸ்வேட்ட மாத்தினா வாளி எங்க போகும் தம்பி?

வாவிக்கரை அண்ணே, நான் கடலுக்குள்ள இறங்கிப் பிழைக்கிறவன், அதனால இத மகனுக்குச் சொல்லுங்க. அந்த 17 நிமிசம் பொய்யில்ல, ஆனா தண்ணிக்குள்ள போக முதல் 23 நிமிசம் சுத்தமான ஒட்சிசன் இழுத்திட்டுத்தான் போனவர். அது தனிக் கணக்கு. அப்பிடி ஒட்சிசன் இழுத்து 2021 இல குரோஷியாக்காரர் புடிமிர் ஷோபாட் 24 நிமிசம் 37 செக்கன் கிடந்தார். ஒட்சிசன் இல்லாம, நாம இழுக்கிற இந்தக் காத்தோட கிடந்ததில பேசப்படுறது 2009 இல பிரான்ஸ்காரர் ஸ்டெபான் மிஃப்சூட் செஞ்ச 11 நிமிசம் 35 செக்கன். ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க. வீடியோவில அந்தச் சிலிண்டர் ஒரு செக்கன் வந்து போகும், பிள்ளையள் கவனிக்காதுகள்.

இன்னொண்டு, இதுதான் முக்கியம். மூச்சு முட்டுறது ஒட்சிசன் குறைஞ்சதால இல்ல, காபனீரொட்சைட் கூடினதால. பெடியன்மார் தண்ணிக்குள்ள போக முதல் புஸ் புஸ்ஸெண்டு வேகமா மூச்செடுத்து விடுவானுகள். அதில காபனீரொட்சைட் போயிரும், மறுகா முட்டல் வரச் சுணங்கும். நல்லாத்தானே இருக்கன் எண்டு கிடக்கக்குள்ளயே மூளைக்கு ஒட்சிசன் காணாம மயக்கம் போடும். நோவும் இல்ல, அறிகுறியும் இல்ல. முழங்கால் தண்ணியில உயிர் போகும். நல்லா நீந்துறவனும் இதில மாட்டுவான்.

2006 இல இதே பிளேன் 7 நாள் தண்ணிக் கோளத்துக்குள்ள கிடந்திட்டு, கடைசியா மூச்சடக்கப் போய் 7 நிமிசம் 8 செக்கனில சுழியோடிகள் இழுத்தெடுத்தவங்க. அந்த வீடியோவக் காட்டுங்க மகனுக்கு.

அபிப்பிராயம் கேட்டீங்க. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்டுத் தாட்ட ஹேர்மிஸ் கப்பல் எங்கட கடலில 50 மீற்றருக்கும் கீழ கிடக்கு. அந்த ஆழத்துக்குப் போயிட்டு அவசரப்பட்டு மேல வந்தா ரத்தத்தில நைதரசன் குமிழ் கட்டி மனிசன் முடமாப் போவான். கடலட்டைக்கும் சங்குக்கும் போய் அப்பிடி ஆனவனுகள எனக்குத் தெரியும். அவனுகளுக்கு கைதட்ட ஒருத்தனும் கரையில நிண்டதில்ல. அதால எனக்கு இந்தப் பெட்டிக்காரரில கோவமும் இல்ல, மரியாதையும் இல்ல.

லண்டன்_மட்டக்களப்பான் | வெள்ளி, இரவு 11.30

2003 இல அந்தக் கண்ணாடிப் பெட்டிய நேரில பாத்தவன் நான். இஞ்ச வந்து ரெண்டு வருசம், இரவு வேலை. விடியத் தவர் பிரிட்ஜ் பக்கத்தால வரக்குள்ள பாத்திட்டுப் போவன். தேம்ஸ் ஆத்தங்கரைப் பூங்காவில கிரேனில தொங்குது பெட்டி, தரையில இருந்து 9 மீற்றர் இருக்கும். செப்டெம்பர் 5 இல ஏறினவர் ஒக்டோபர் 19 இலதான் இறங்கினவர். குளிர் தொடங்கின காலம்.

சனம் முட்டை எறிஞ்சது. கோல்ஃப் பந்து எறிஞ்சது. ரிமோட்டில பறக்கிற சின்ன ஹெலிகொப்டரில பேகரக் கட்டி அவன்ட முகத்துக்கு நேரயும் பறக்கவிட்டாங்க. இரவில நித்திரை கொள்ள விடாம மேளம். அதே மனிசன் ஐஸ்கட்டிக்குள்ள நிக்கக்குள்ள நியூயோர்க்கில சனம் பெருமையாப் பாத்ததாம். லண்டனில என்ன கோவமெண்டு எனக்கு இண்டைக்கும் சரியா விளங்கல்ல. ஆரும் கேட்டா பட்டினி கிடக்கிறாய் எண்டதா, இல்லாட்டி காசுக்குப் பட்டினி கிடக்கிறாய் எண்டதா.

ஒருநாள் பசியில மரக்கறி ரோல்ஸ் ஒண்டப் பையால எடுத்தன். மேல பாத்தன், அவன் இந்தப் பக்கம் பாத்துக்கொண்டிருக்கான். திருப்பிப் பைக்குள்ள வைச்சிட்டன். பக்கத்தில நிண்ட கூட்டம் வேணுமெண்டே காட்டிக் காட்டித் திண்டது. நான் திங்காம விட்டதால அவனுக்கு ஒரு பிரியோசனமும் இல்ல, தெரியும். ஆனா ஏலாமப் போச்சு.

தாதி_அக்கா (களுவாஞ்சிகுடி) | சனி, காலை 6.20

இரவுக் கடமை முடிந்து வந்து வாசிக்கிறேன். 44 நாள் பட்டினி பற்றி ஒரு விடயம். எல்லாரும் ஆபத்து பட்டினியில் இருக்கிறதென்று நினைக்கிறோம். பட்டினி முடிந்து சாப்பாடு கொடுக்கிற நேரம்தான் எங்களுக்குப் பயம். நீண்ட நாள் சாப்பிடாத உடம்புக்குத் திடீரென்று மாச்சத்துக் கொடுத்தால் இன்சுலின் ஏறும், இரத்தத்தில் இருக்கிற பொஸ்பேற்றும் பொட்டாசியமும் கலங்களுக்குள் போய்விடும். இதயம் தாளம் தப்பும். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறைமுகாம்களில் இருந்து மீட்டு வந்தவர்கள் சாப்பிடத் தொடங்கிய பிறகு இறந்ததைப் பார்த்துத்தான் வைத்தியர்கள் இதைப் படித்தார்கள்.

பிளேன் பெட்டியால் இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போனார். 24.5 கிலோ குறைந்திருந்தார், அவருடைய எடையில் நாலில் ஒன்று. கவனமாகத்தான் உணவு கொடுத்தார்கள், அப்படியும் பொஸ்பேற் இறங்கியது. அவரைப் பரிசோதித்த வைத்தியர்கள் 2005 இல் நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகையில் கட்டுரை எழுதினார்கள். அந்த அளவில் எனக்கு அவரில் ஒரு நன்றி உண்டு. மூதாளர்கள் நாட்கணக்காகச் சாப்பிடாமல் கிடந்து வாட்டுக்கு வருவார்கள். பிள்ளைகள் பாசத்தில் உடனே சோறும் கறியும் கொண்டு வந்து ஊட்டப் பார்ப்பார்கள். "கொஞ்சம் பொறுங்க" என்று சொன்னால் எங்களைத்தான் இரக்கமில்லாதவர்கள் என்று ஏசுவார்கள்.

அடித்ததைப் பற்றிப் பேசக்கூடாது என்றீர்கள், பேசவில்லை. ஆனால் அந்த வாளியை இண்டைக்கே வெளியே வையுங்கள்.

பௌதிக_வாத்தி (அக்கரைப்பற்று) | சனி, காலை 8.05

எல்லாரும் உருகுறீங்க. நான் ஒரு கண்ணாடியப் போட்டுப் பாக்கிறன், கோவிக்க வேணாம்.

2012 இல இவர் நியூயோர்க்கில 10 இலட்சம் வோல்ட் மின்னலுக்கு நடுவில 72 மணித்தியாலம் நிண்டார் எண்டு பெரிய கதை. உடம்பில போட்டிருந்தது உலோக வளையங்களாலான சட்டை. மின்னோட்டம் சட்டைக்கு மேலால ஓடிப் போயிரும், உள்ளுக்க வராது. உயர்தரத்தில பரடேயின் கூடு எண்டு படிப்பிக்கிறன், இடிமின்னலில காருக்குள்ள இருக்கிறவன் தப்புறதும் இதாலதான். அங்க உண்மையான கஷ்டம் மூணு நாள் நித்திரையில்லாம நிக்கிறது. ஆனா "மூணு நாள் நித்திரை முழிச்சவர்" எண்டு போஸ்டர் அடிச்சா ஆரு வருவா? எங்கட ஊரில நெல்லுக் காவல் கிடக்கிற கிழவனும் அதைத்தான் செய்றார், யானையும் கூட வரும்.

பூட்டும் சங்கிலியும் கழட்டி வெளிய வாற பழைய அமெரிக்க மெஜிக்காரர் ஹூடினியப் பாருங்க, அவர்தான் நேர்மையான மனிசன். 1926 இல ரஹ்மான் பே எண்டு ஒருத்தர் எகிப்தியப் பக்கீரெண்டு பட்டம் போட்டுக்கொண்டு, தவநிலைக்குப் போய் பெட்டிக்குள்ள மூச்சில்லாமக் கிடக்கிறன் எண்டு காட்டினார். ஹூடினிக்குப் பொறுக்கல்ல. ஓகஸ்ட் 5 ஆம் திகதி நியூயோர்க் ஹோட்டல் நீச்சல் தடாகத்தில ஈயம் வைச்சு மூடின பெட்டிக்குள்ள 91 நிமிசம் கிடந்திட்டு வெளிய வந்து, தவமுமில்ல மந்திரமுமில்ல, பயப்படாம, அசையாம, கொஞ்சம் கொஞ்சமா மூச்செடுத்தாப் போதும் எண்டு சொன்னார். சுரங்கத்துக்குள்ள அகப்படுற தொழிலாளருக்கு உதவுமெண்டு அந்த விபரமெல்லாம் எழுதியும் குடுத்தவர். வயசு 52. அதே வருசம் ஒக்டோபர் 31 செத்தார். தண்ணியிலயுமில்ல, பெட்டியிலயுமில்ல. குடல்வால் வெடிச்சு.

கல்முனைக்_காக்கா | சனி, காலை 9.10

வாத்தி, பக்கீர் எண்ட சொல்ல இவ்வளவு லேசா அடிச்சிட்டுப் போகாதீங்க. எங்கட கடற்கரைப் பள்ளியில நாகூர் ஆண்டகைட கொடியேத்தம் வரக்குள்ள பாவாக்கள், அந்தப் பக்கீர்மார்தான், வந்து றிபாயி ராத்திபு எண்ட துதி ஓதுவாங்க. றபான் மேள அடியோட பைத்துப் பாட்டு ஏற ஏற, கூரான ஊசியால கன்னத்தில குத்துவாங்க, தலையில அடிப்பாங்க. சின்ன வயசில வாப்பாட சாரத்தப் பிடிச்சிட்டுப் பாத்திரிக்கன். அதில ஒரு பாவா நோம்பு நாளையில ஸஹருக்கு றபான் அடிச்சு எங்கட தெருவ எழுப்புறவர். கன்னத்தில குத்தின அதே மனிசன் அடுத்த நாள் கடையில இஞ்சித் தேத்தண்ணி குடிச்சிட்டிருப்பார், தழும்ப நான் தேடித் தேடிப் பாப்பன்.

இப்ப ஊரில இது மார்க்கத்தில இல்ல எண்டு சொல்ற ஆக்கள் கன பேர் இரிக்கி. அந்தச் சண்டைக்கு நான் வரல்ல. ஆனா அவர் தன்னப் பாருங்க எண்டு குத்தல்ல. ஷெய்குமார்ட, ஞானகுருமார்ட, பேரில குத்தினார். பிளேன் ஆருட பேரில?

பாண்டிருப்பான் | சனி, காலை 9.34

காக்கா சொன்னதுதான். எங்கட திரௌபதை அம்மன் கோயிலில 18 நாள் சடங்கு செஞ்சு தீமிதிப்பு. வாத்தி சேர் வந்து கரிக்கட்டை வெப்பத்த லேசாக் கடத்தாது, கால் படுற நேரமும் கொஞ்சம் எண்டு சொல்லுவார். சொல்லட்டும், சரியாத்தான் இருக்கும். அப்பிடியெண்டா வாத்தி சேர் ஒருக்கா இறங்கி நடக்கட்டுமே?

பௌதிக_வாத்தி (அக்கரைப்பற்று) | சனி, காலை 9.41

நடக்கமாட்டன். கணக்கில நம்பிக்கை இரிக்கி, கால்ல இல்ல.

செல்வி_78 (ஆரையம்பதி) | சனி, பகல் 12.15

ஆம்பிளையள் எல்லாரும் நல்லாக் கதைச்சிட்டீங்க. ஒண்டு கேக்கிறன். இந்தப் பெட்டிக்குள்ள கிடக்கிற, தூணில நிக்கிற, சங்கிலியில தொங்குற பேரெல்லாம் ஏன் ஆம்பிளைப் பேராவே இருக்கு? பொம்பிளைய மெஜிக்கில வாளால அறுக்கத்தான் கூப்பிடுவாங்க. 1956 இல இந்தியாவின்ட பி. சி. சோர்க்கார் பிபிசியில ஒரு பிள்ளைய வட்ட வாளால ரெண்டா அறுத்தார். அறுத்து முடிய அந்தப் பிள்ளை எழும்பல்ல, நிகழ்ச்சி நேரம் முடிஞ்சு போச்சு. பொம்பிளைய உண்மையாவே கொண்டுபோட்டான் எண்டு சனம் பிபிசிக்கு போனுக்கு மேல போன். அவருக்கு அது பெரிய பேர். அந்தப் பிள்ளையின்ட பேர் இஞ்ச ஆருக்காவது தெரியுமா?

காவடிய இதுக்குள்ள கொண்டு வராதீங்க. என்ட தம்பி பறவைக் காவடி எடுத்தவன், அம்மா சுகமாகி வந்ததுக்கு வைச்ச நேர்த்தி. முதுகில செடில் ஏத்தக்குள்ள நான் கண்ண மூடிட்டன், அம்மா மூடல்ல. போன் வைச்சுப் படம் எடுத்த பெடியன ஒரு மாமா கன்னத்தில போட்டார். இப்பெண்டா போட ஏலாது, எல்லாரும்தான் எடுக்கானுகள்.

கொச்சிக்காய் | சனி, பகல் 12.40

ஒரு நியாயத்தச் சொல்லுங்க. 2019 ஜூன் மாசம் கொல்கத்தாவில சஞ்சல் லாஹிரி எண்ட மெஜிக்காரர், மேடைப் பேர் மாண்ட்ரேக், சங்கிலியும் பூட்டுமா ஹூக்ளி ஆத்துக்குள்ள இறங்கினார். ஹூடினி மாதிரி பூட்டக் கழட்டிட்டு வரவேணும். வரல்ல. அடுத்த நாள்தான் உடம்பு எடுத்தாங்க. கரையில சனம், கமெரா எல்லாம் நிண்டது. இவர்தான் 2013 இல இதே ஆத்தில கூட்டுக்குள்ள பூட்டி இறக்கிற வித்தை காட்டினவர். கூட்டில இருந்த கதவால அவர் வாறதச் சனம் கண்டிட்டு. அண்டைக்கு அந்த மனிசனக் கூவி, ஏசி, கலைக்காத குறை.

அப்ப பாருங்க. தந்திரம் செஞ்சா கள்ளன் எண்டு அடிக்க வாறம். உண்மையாச் செஞ்சா விசரன் எண்டு சொல்லிட்டு செத்த வீட்டுக்குப் போறம். மெஜிக்காரன் என்னதான் செய்ய?

சீனாக்காரன் வேசம் போட்ட சுங் லிங் சூ, உண்மையில அமெரிக்காக்காரர், 1918 இல லண்டன் மேடையில துவக்குக் குண்டப் பிடிக்கிற வித்தையில வெடிபட்டுச் செத்தார். தந்திரம்தான் அது, துவக்கு பழுது. 1990 இல கலிபோர்னியாவில ஜோ பரஸ் எண்டவர் பெட்டிக்குள்ள கிடக்க மேல மண்ணும் கொங்கிரீட்டும் கொட்டினாங்க. பாரம் தாங்காமப் பெட்டி நொறுங்கினது. அதுவும் ஒக்டோபர் 31, ஹூடினி செத்த நாள். அந்த நாளத் தெரிஞ்செடுத்தே செஞ்சவர்.

மாமாங்கத்தடி | சனி, பின்னேரம் 3.05

பட்டினி எண்ட கதை வந்ததால எழுதிறன். எழுதாம விடத்தான் நினைச்சன்.

1988 மார்ச் 19 தொடங்கி ஏப்ரல் 19 இல உயிர் போகும் வரை, எங்கட மாமாங்கேஸ்வரர் கோயிலடியில அன்னை பூபதி அம்மா தண்ணி மட்டும் குடிச்சிட்டுக் கிடந்தா. போர நிறுத்துங்க, பேசுங்க எண்டதுதான் கேட்டது. எங்கட அம்மா என்னைத் தூக்கிட்டுப் போய்ப் பாத்ததாம், எனக்கு நினைவில்ல. அம்மா சொல்றது ஒண்டுதான்: கடைசி நாளையில அங்க நிண்ட சனம் ஒண்டும் சத்தமாக் கதைக்கல்ல.

லண்டன் அண்ணே எழுதின மேளத்த வாசிச்சதும் இது ஞாபகம் வந்திட்டு. வேற ஒண்டுமில்ல.

நெறியாளர் | சனி, பின்னேரம் 3.20

இதற்குப் பின் வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மாமாங்கத்தடியின் பதிவு இருக்கும். கட்சி, இயக்கம், ஆர் செய்தது சரி என்ற விவாதத்துக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே மெஜிக்காரர்.

வாவிக்கரையான் (கல்லடி) | சனி, இரவு 8.50

மாமாங்கத்தடி, வாசிச்சன். அத இதுக்குப் பக்கத்தில வைக்க எனக்கும் மனமில்ல. ஆனா நாம பட்டினியெண்டா சும்மா பாக்க ஏலாத சனம், அது உண்மை.

கொச்சிக்காய் சொன்னது என்ட தலைக்குள்ளயே சுத்துது. 1981 எண்டு நினைக்கன், நான் அப்ப கல்லாத்தில சின்னப் பெடியன். ஊர் மைதானத்துக்கு ஒரு சைக்கிள்காரன் வந்தான். 5 நாள் இரவு பகலா இறங்காம ஓடுவன் எண்டு. நடுவில ஒரு கம்பம், கம்பத்தில ஸ்பீக்கர், சுத்திவரத் தென்னங்குத்தி நட்டுக் கயிறு. சைக்கிளில இருந்தபடியே முகம் வழிச்சான். சைக்கிளில இருந்தபடியே வாளித் தண்ணிய ஊத்திக் குளிச்சான், உடுப்பும் மாத்தினான், எப்பிடியெண்டு பொம்பிளையள் வாயப் பொத்திட்டுச் சிரிச்சாங்க. தேத்தண்ணியும் பணிசும் ஓட்டத்திலயே கையில குடுக்கவேணும். காசு குடுக்கிற ஆக்கள் நோட்ட ஊசியால சட்டையில குத்திவிடுவாங்க. அஞ்சாம் நாள் சட்டை தெரியல்ல, காசுதான். அதுக்குப் பிறகு ஒரு கிடங்கு வெட்டி அவனப் புதைச்சு, ரெண்டு மணித்தியாலத்தால தோண்டி எடுத்தாங்க. பூசாரி வந்து திருநீறு போட்டார். கிழவிமார் காலில விழுந்தாங்க.

அவனுக்கு நேர்த்தியுமில்ல, ஷெய்குமாருமில்ல. பிழைப்பு. ஆனா எங்கட சனம் முட்டை எறியல்ல, கும்பிட்டது. அப்ப காக்கா கேட்ட கேள்வி மட்டும் காணாது போல.

ஆனா நாங்க பெடியன்மார் கும்பிடல்ல. நாங்க உளவு. அவன் இரவில களவா இறங்கி நித்திரை கொள்ளுறான் எண்டு எங்களுக்குள்ள ஒரு கதை. பிடிக்கவேணுமெண்டு நாலு பேர் மூணாம் நாள் இரவு கயித்தடியில பாயப் போட்டுக் காவல் கிடந்தம்.

தேத்தண்ணி | சனி, இரவு 8.58

பிடிச்சீங்களா?

வாவிக்கரையான் (கல்லடி) | சனி, இரவு 9.02

நித்திரையாகிட்டம்.

சுழியோடி (கல்குடா) | சனி, இரவு 9.10

ஆழிக்குமரன் ஆனந்தன ஏன் ஒருத்தரும் சொல்லல்ல? வல்வெட்டித்துறைக்காரர், படிச்ச சட்டத்தரணி. 1971 இல பாக்கு நீரிணைய நீந்திக் கடந்து திரும்பி வந்தவர், 51 மணித்தியாலம். ஒத்தைக் காலில 33 மணித்தியாலம் நிண்டார். நிறுத்தாம நாள்கணக்கா சைக்கிளும் ஓடினார். 1984 ஓகஸ்டில ஆங்கிலக் கால்வாயில நீந்தக்குள்ள உயிர் போச்சு. ஒத்தைக் காலில நிக்கிறதால ஆருக்கு என்ன லாபம் எண்டு கேக்கலாம். ஆனா அவரக் கள்ளன் எண்டோ விசரன் எண்டோ சொன்ன ஒருத்தர நான் காணல்ல. நம்மட ஆள் எண்டதாலயா?

செல்வி_78 (ஆரையம்பதி) | சனி, இரவு 9.25

நம்மட ஆள் எண்டதாலதான். அதோட கடல் தந்திரம் செய்யாது.

லண்டன்_மட்டக்களப்பான் | சனி, இரவு 11.48

2020 செப்டெம்பரில பிளேன் அரிசோனாவில பலூன் கொத்தப் பிடிச்சுக்கொண்டு 24,900 அடி உயரம் போனதப் பாத்தீங்களா? யூடியூப்பில நேரடியாப் போனது. சின்னப் பிள்ளைக்கு வாற கனவு மாதிரி. மேல போய் பரசூட் போட்டு இறங்கினார். எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த காலம், நான் மகளோட இருந்து பாத்தன். அண்டைக்கு அவனில கோவம் வரல்ல. பெட்டிக்குள்ள கிடந்து வாடினவன் காத்தில போறான் எண்டு ஒரு சந்தோசம்தான். மகள் கேட்டாள், "அப்பா, விழுந்தாக் காட்டுவாங்களா?" எண்டு. என்ன சொல்ல?

கொச்சிக்காய் | ஞாயிறு, காலை 7.15

காட்டுவாங்க. நாமளும் பாப்பம்.

தாதி_அக்கா (களுவாஞ்சிகுடி) | ஞாயிறு, காலை 7.40

வாளி?

வாவிக்கரையான் (கல்லடி) | ஞாயிறு, காலை 7.52

வெளிய வைச்சாச்சு அக்கா, பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்துது. சுழியோடி தம்பி எழுதினத மகனுக்கு வாசிச்சுக் காட்டினன். 23 நிமிசம் ஒட்சிசன் இழுத்தவர் எண்டதும் முகம் வாடிட்டு. "அப்ப களவா?" எண்டான். களவில்ல மனே எண்டு சொல்லப் போய் அரை மணித்தியாலம் கதைச்சன், அவனுக்கும் விளங்கல்ல, எனக்கும் சரியா வரல்ல.

கல்லாத்து_மூத்தது | ஞாயிறு, இரவு 10.30

இந்த இழைய மகள் காட்டினா. எனக்கு எழுத வராது, அவதான் தட்டுறா. வயசு 71.

தம்பி வாவிக்கரையான், அந்தச் சைக்கிள்காரனக் கூட்டி வந்த கழகத்தில நானும் இருந்தன். ஜெனரேற்றருக்கு எண்ணெய் ஊத்துற வேலை என்ட. ஒவ்வொரு இரவும் ரெண்டு ரெண்டரைக்கு எண்ணெய் முடியும். முடியாட்டியும் நாங்க நிப்பாட்டுவம். இருட்டு. ஒரு பத்து நிமிசம், கால் மணித்தியாலம். அவன் இறங்கி மணலில குப்புறக் கிடப்பான். காலிரண்டும் தன்பாட்டில சைக்கிள் மிதிச்சுக்கொண்டே கிடக்கும், நான் அமத்திப் பிடிப்பன். லைட் வர முதல் தூக்கி ஏத்தி விடுவம். அவன் கேக்கல்ல. ரெண்டாம் நாள் இரவு அவன்ட கண்ணப் பாத்திட்டு நாங்களாச் செஞ்ச ஏற்பாடு. முதல்ல மாட்டன் எண்டு ஏசினவன்.

பாயில நாலு பெடியன்மார் கிடந்தது எனக்கு நல்லா ஞாபகம். உங்களத் தாண்டித்தான் எண்ணெய்க் கலன் கொண்டு போவன். ஒருத்தன் குறட்டை.

வாவிக்கரையான் (கல்லடி) | ஞாயிறு, இரவு 10.41

ஐயா, குறட்டை விட்டது நானில்ல.